அடடா வந்துவிட்டார்

மனிதர்களில் ஆறுதல்காரர் என்று ஒரு ரகம் உண்டு. உங்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. உங்கள் வாழ்க்கையில் எப்போதாவது கால் சுளுக்கியிருந்தால், காற்றில் கூரைத் தகரம் பறந்திருந்தால், பிள்ளை பரீட்சையில் கோட்டை விட்டிருந்தால், அவர் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். அதுவும் சும்மா வந்தாரா? சுளுக்கிய காலைத் தூக்கி நீங்கள் முக்காலியில் வைப்பதற்குள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாகிவிட்டது. யார் சொல்லி அனுப்பினார்கள் என்று நீங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சர்க்கரை கொட்டினால் எறும்புக்கு யாராவது போய்ச் சொல்லவா வேண்டும்?

எங்கள் ஊர் ஆறுதல்காரருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. அது வாக்காளர் பட்டியலோடு சரி. ஊருக்கு அவர் 'அடடா'. வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒரு அடடா, நடையைத் தாண்டும்போது ஒரு அடடா, உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதாக நீளமாக ஓர் அடடா. இப்படி மூன்று இல்லாமல் அவர் எந்த வீட்டிலும் உட்கார்ந்ததில்லை. மாவு மில் அவருடையது. ஓட்டுவது அவருடைய மச்சினர். மில் ஓடுகிற சத்தத்தில் யார் வீட்டில் யார் விழுந்தார்கள் என்பது காதில் விழாது என்பதால் மாமா இந்தப் பக்கமே வருவதில்லை என்பது மச்சினரின் புகார்.

ஆறுதல் சொல்லப் போவதற்கென்றே அவரிடம் ஒரு சட்டை இருக்கிறது. சாம்பல் நிறம், காலர் நைந்தது, மேல் பொத்தான் மட்டும் வேறு நிறம். நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனால் கஷ்டத்தில் இருப்பவர் மனசு நோகுமாம். என்ன ஓர் இளகிய மனசு! அலமாரிக் கதவு கிறீச்சிடும் சத்தம் கேட்டாலே அடுப்படியிலிருந்து அவர் மனைவி குரல் கொடுப்பார்.

"யார் வீட்டுல என்ன ஆச்சு?"

"வாத்தியாருக்குப் பல்லு."

"பல்லு வலிக்கெல்லாமா சாம்பல் சட்டை?"

"ஒரு பல்லு இல்லடி. ரெண்டு."

போய் உட்கார்ந்ததும் அவர் முதலில் கேட்பது, "முதல்லேர்ந்து சொல்லுங்க." நீங்கள் விழுந்த கதை மூன்று வாய் வழியாக ஏற்கெனவே அவருக்கு வந்து சேர்ந்துவிட்டது. இருந்தாலும் கதைக்குச் சொந்தக்காரர் வாயால் கேட்க வேண்டும். நீங்களும் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, குளியலறை ஈரமாக இருந்ததையும் சோப்பு கீழே கிடந்ததையும் சொல்லிக்கொண்டு வருவீர்கள். நடுவே கையைத் தூக்கி நிறுத்துவார். "இருங்க, இருங்க. இடது காலைத்தான் முதல்ல வெச்சீங்க. வலது கால் அப்புறம்தான் வழுக்குச்சு." விழுந்தது நீங்கள். ஆனால் எப்படி விழுந்தீர்கள் என்பதில் அவருக்குத்தான் தெளிவு அதிகம்.

தேநீர் வரும். "இந்த நேரத்துல எதுக்கும்மா இதெல்லாம்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, சர்க்கரை போதவில்லை என்பதை முகத்தாலேயே தெரிவித்துவிட்டு, கடைசிச் சொட்டு வரை குடிப்பார். அப்புறம் தன் சகலையை எடுப்பார். பக்கத்து மாவட்டத்தில் எங்கேயோ இருக்கும் அந்தச் சகலைக்கு வராத நோய் கிடையாது, நேராத விபத்து கிடையாது. "இப்படித்தான் சார், என் சகலைக்கும் லேசான சுளுக்குதான். ஒண்ணும் இல்லைன்னுதான் எல்லாரும் சொன்னாங்க." இங்கே ஒரு பெருமூச்சு. "மூணாம் நாளு..." இங்கே ஜன்னல் வழியாக ஒரு பார்வை. மிச்சத்தைச் சொல்லமாட்டார். நான் கணக்குப் பார்த்த வரையில் அந்தச் சகலை இதுவரை பதினோரு விதமாகச் செத்திருக்கிறார். போன வருஷம்கூட ஒரு பிஸ்கட் பொட்டலத்தோடு ஊருக்கு வந்து, நாலு நாள் தங்கி, ஏரியில் நீச்சலடித்துவிட்டுப் போனார்.

எழுந்திருக்கும்போது சொல்வார்: "எதுக்கும் மனசை விட்டுடாதீங்க." அதுவரை நீங்கள் விட்டிருக்கவில்லை. அவர் வந்த பிறகுதான் அது எங்கே போனதென்று தேட வேண்டியிருக்கும்.

இதெல்லாம் இறக்கத்தில். ஏற்றத்தில் இவர் என்ன செய்வார் என்று கேட்கிறீர்களா? ஏற்றத்தில் இவருக்கு வயிற்று வலி வந்துவிடும். பொய் வலி என்று நினைத்துவிடாதீர்கள், நிஜமான வலி. தபால்காரம்மா சொந்தமாக வண்டி வாங்கிய அன்று ஒரு தடவை, பால் நிலைய எழுத்தரின் மகளுக்கு வேலை கிடைத்த அன்று ஒரு தடவை, வாத்தியாருக்குப் பல் வலி நின்றுபோனபோது லேசாக ஒரு தடவை என்று முறை தவறாமல் வந்திருக்கிறது. நாலு நாள் கழித்துத்தான் அந்த வீட்டுப் பக்கம் தலை காட்டுவார். அதுவும் நல்ல சட்டையில். "நல்லதுதான், நல்லதுதான்" என்று வண்டியைச் சுற்றி வருவார். சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். "ஆனா..." என்று ஆரம்பிப்பார். அந்த 'ஆனா' வரும்வரை அவர் வயிறு சரியாவதில்லை. தபால்காரம்மாவுக்கு அவர் கொடுத்த 'ஆனா' இது: "ஆனா, இந்த மாடல்ல பிரேக் அவ்வளவாப் பிடிக்காதும்மா. என் சகலை ஒருத்தரு..."

சரி, இவ்வளவு சேதியும் இவருக்குக் கிடைப்பது எங்கே? பால் நிலையத்தில். எங்கள் ஊரில் யார் வீடு ஏறுகிறது, யார் வீடு இறங்குகிறது என்பதை அறிய யார் வீட்டுக்கும் போக வேண்டியதில்லை. காலை ஆறு மணிக்கு அங்கே வரிசையில் நின்றால் போதும். நேற்று கழுத்து வரை இருந்த கேன் இன்று பாதி என்றால் அந்த வீட்டு மாட்டுக்கு ஏதோ ஆகியிருக்கிறது. வழக்கமாக வரும் மருமகளுக்குப் பதில் மாமியார் வந்தால் நேற்றுச் சண்டை. கேன் புதிது என்றால் மகன் சம்பளம் அனுப்பியிருக்கிறான். எழுத்தர் பாலில் கருவியை விட்டுப் பார்த்து நோட்டில் எழுதுவது ஒன்று, வரிசையில் நிற்பவர்கள் அடுத்தவர் கேனுக்குள் கண்ணை விட்டுப் பார்த்து மனசில் எழுதுவது இன்னொன்று. இந்த வரிசையில் அடடாவும் தினமும் நிற்பார். கையில் கேன் கிடையாது. வீட்டில் மாடு கிடையாது. பால் குடித்தால் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. எதற்கு நிற்கிறீர்கள் என்று ஊரில் ஒருத்தரும் அவரைக் கேட்டதில்லை.

அந்த வரிசையில் வழக்கமாகக் கடைசியில் நிற்பவர் ஓர் அக்கா. ஒற்றை மாட்டை வைத்துக் குடும்பத்தை ஓட்டுகிறவர். ஊரே பால்கார அக்கா என்று கூப்பிடும், வயதில் மூத்தவர்கள்கூட. அவர் கணவர் கொத்தனார். இரண்டு வருஷத்துக்கு முன் சாரம் சரிந்து மேலிருந்து விழுந்து இடுப்பு போய்விட்டது. அடடாவின் வாழ்வில் அது பொற்காலம். பதினேழு தடவை போனார். சாம்பல் சட்டையைத் துவைக்க நேரமில்லாமல் அவர் மனைவி அதே துணியில் இன்னொன்று தைக்கலாமா என்றுகூட யோசித்தார். பதினெட்டாம் தடவை போனபோது கொத்தனார் கோல் ஊன்றிக்கொண்டு தானாக எழுந்து வந்து கதவைத் திறந்தார். "அட, எழுந்துட்டீங்களா?" என்றார் அடடா. அந்த 'அட'வில் கடைசி எழுத்து விழுந்துபோனதைக் கவனித்தீர்கள்தானே? வாசலோடு திரும்பிவிட்டார். அதன் பிறகு அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டைத் தாங்கியது மாடுதான். வைத்தியத்துக்கும் அதுதான், அடுப்புக்கும் அதுதான். சினைக்காகப் பால் வற்றிய இரண்டு மாதமும் அக்கா அடுத்தவர் வயலில் களை எடுத்துக்கொண்டு, நாளை எண்ணிக்கொண்டு இருந்தார். ஒரு திங்கட்கிழமை விடியும்போது மாடு கன்று போட்டது. கிடேரி, பெண் கன்று. தேன் நிறம், நெற்றியில் கோணலாக ஒரு வெள்ளைத் திட்டு. பிறந்த அரை மணியில் எழுந்து நின்று, விழுந்து, மறுபடி எழுந்து மடியைத் தேடியது. சேதி ஆறு மணிக்கே பால் நிலையத்துக்கு வந்துவிட்டது. வரிசையில் இருந்தவர்கள் "ஓ, அப்படியா" என்றார்கள். "கிடேரியா? பரவால்லையே" என்றார்கள். அவரவர் கேனைத் தூக்கிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். அடடாவுக்கு வயிற்று வலி வந்தது.

புதன்கிழமை காலை மாடு எழுந்திருக்கவில்லை.

தட்டினார்கள், தள்ளினார்கள், வாலை முறுக்கினார்கள். அது கழுத்தை மடித்து முகத்தை விலாவில் வைத்துக்கொண்டு, யாரோ கூப்பிடுவது தனக்கு இல்லை என்பதுபோலக் கிடந்தது. காதைத் தொட்டால் சில்லென்று இருந்தது. தீனி அப்படியே கிடந்தது. கொத்தனார் கோலை ஊன்றிக்கொண்டு பால் நிலையம் வரை நடந்து வந்தார். எழுத்தர் தொலைபேசியில் மாட்டு டாக்டரைப் பிடித்தார். ஒன்பது மணிக்கு வருகிறேன், அதுவரை மாட்டைப் பக்கவாட்டில் சாயவிடாமல் மூட்டை வைத்து முட்டுக் கொடுங்கள், கூட்டம் சேர்க்காதீர்கள் என்றார் டாக்டர். எழுத்தர் அதை உரக்கத் திருப்பிச் சொன்னார், கொத்தனாருக்குக் கேட்க வேண்டும் என்று. வரிசை முழுவதற்கும் கேட்டது. 'கூட்டம் சேர்க்காதீர்கள்' என்பது மட்டும் எப்படியோ யார் காதிலும் ஏறவில்லை.

அடடாவுக்கு வயிற்று வலி நின்றது. அலமாரி கிறீச்சிட்டது.

ஏழு மணிக்குள் கொட்டகையில் நாற்பது பேர். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் கொட்டகை அது. ஒரு வாசல், ஒரு சின்ன ஜன்னல். வாசலில் பதினைந்து பேர், ஜன்னலில் நாலு பேர், மிச்சம் உள்ளே. மாடு மூச்சு விட்டால் யாராவது ஒருவருடைய முழங்காலில்தான் படும். தீவனத் தொட்டியின் விளிம்பில், எல்லாருக்கும் தெரியும்படியான இடத்தில், அடடா உட்கார்ந்திருந்தார். கன்றைக் கூட்டம் மிதித்துவிடும் என்று அக்கா அதை வீட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டிலின் காலில் கட்டிவிட்டு வந்தார். உள்ளே அது கத்துகிற ஒவ்வொரு தடவையும் மாடு காதை அசைக்கப் பார்த்தது. காது அசையவில்லை.

"முதல்லேர்ந்து சொல்லும்மா" என்றார் அடடா.

"என்னத்தைச் சொல்றது அண்ணே. காலையில வந்து பார்த்தேன், படுத்திருந்துச்சு."

"எத்தனை மணிக்கு?"

"அஞ்சு இருக்கும்."

"நாலே முக்கால்" என்று திருத்தினார் அடடா. அக்கா மாட்டின் தலையைத் தன் மடியில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "டாக்டர் ஒம்பது மணிக்கு வர்றேன்னு சொல்லியிருக்காரு" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். அந்த ஒன்பது மணியைத்தான் அவர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வரட்டும், வரட்டும்" என்றார் அடடா. "ஆனா ஒண்ணு. என் சகலைகிட்ட ஒரு மாடு இருந்துச்சு. இதே மாதிரிதான், கழுத்தை மடிச்சு வெச்சுக்கும். ஆறு டாக்டர் வந்தாங்க. ஒரு ஆளு மிச்சமில்லை, எல்லாரும் வந்து பார்த்தாங்க." பெருமூச்சு. ஜன்னல் வழியாகப் பார்க்கலாம் என்றால் ஜன்னலில் நாலு தலை. ஆகவே கூரையைப் பார்த்தார்.

பின்வரிசையில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். அதைக் கேட்டு இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் கொட்டகை முழுக்க ஒரே உறிஞ்சல். "இருக்கிற ஒத்தை மாடு, அதுவும் போச்சே" என்று யாரோ ராகம் போட்டார்கள். "அந்த மனுசனுக்கு இடுப்பு வேற இல்லை" என்று இன்னொருவர் அடியெடுத்துக் கொடுத்தார். இடுப்பு இல்லாத மனுஷன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் காதில் அடடா குனிந்து, உயிர் இருக்கும்போதே மாட்டுத் தரகருக்கு ஆள் அனுப்பிவிடுவது நல்லது என்று ரகசியமாகச் சொன்னார். ரகசியமென்றால் வாசல் வரை கேட்டது.

"யோவ், எந்திரிச்சுப் போய்யா" என்றார் கொத்தனார். துக்கத்தில் பேசுகிறார் என்று எல்லாரும் பெருந்தன்மையோடு மன்னித்தார்கள்.

எட்டரை மணிக்கு அடடா எழுந்து வெளியே போனார். எங்கே என்கிறீர்களா? ஊர்க் கோடியில் பாலத்துத் திருப்பத்துக்கு. வருகிறவர்களுக்கு முன்கூட்டியே விவரம் சொல்லி, கண்ணைத் துடைத்துவிட்டு, கொட்டகைக்கு அனுப்பி வைப்பது அவர் தானாக எடுத்துக்கொண்ட பொறுப்பு. இந்த ரகத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. கெட்ட சேதியை முதலில் சொன்னது தானாக இருக்க வேண்டும். நடந்த பிறகு சொல்லலாம் என்று காத்திருந்தால் வேறு யாராவது முந்திவிடுவார்கள். ஆகவே நடப்பதற்குக் கொஞ்சம் முன்பே சொல்லிவிடுவது வழக்கம். சாரம் சரிந்த அன்று கொத்தனார் இறந்துவிட்டதாக நாங்கள் கேள்விப்பட்டது இவர் வாயால்தான்.

ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது டாக்டரின் வண்டி பாலத்தில் ஏறியது. அடடா நடு ரோட்டில் நின்று கையைக் காட்டினார்.

"அடடா, டாக்டர். இவ்வளவு தூரம் வந்தீங்களே."

"எந்த வீடு? கொத்தனார் வீடா?"

"இனிமே எந்த வீடா இருந்தா என்ன டாக்டர். மாடு செத்துப்போச்சு. இப்பதான், கால் மணி நேரம் ஆச்சு."

டாக்டர் உச்சுக் கொட்டினார். அவருக்கு அன்று இன்னும் ஆறு ஊர் இருந்தது. "பாவம். கன்னையாவது பத்திரமாப் பார்த்துக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அடடா அதை உடனே கொட்டகைக்குப் போய்ச் சொன்னாரா? சொல்லவில்லை. செத்த மாடு சாக இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதானே. திருப்பத்தில் இன்னும் இரண்டு பேரைத் தேற்றிவிட்டு நிதானமாகத் திரும்பி வந்து தொட்டி விளிம்பில் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மணி ஒன்பது ஆனது. ஒன்பதே கால் ஆனது. அக்கா ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் தலையைத் தூக்கினார். எழுத்தர் ஓடிப்போய் டாக்டருக்குத் தொலைபேசியில் அடித்துப் பார்த்துவிட்டு வந்தார். வண்டி ஓட்டும்போது அவர் எடுக்கமாட்டார். "வந்துக்கிட்டே இருப்பாரு அக்கா" என்றார் எழுத்தர். மாட்டின் கண் பாதி மூடியிருந்தது. பத்து மணிக்குத் தபால்காரம்மாவின் வண்டி வந்து நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தவர் அக்காவின் தோளைத் தொட்டார்.

"எப்படி அக்கா இருந்தாப்புல இருந்து செத்துப்போச்சு?"

"யாரு செத்தது?" என்றார் அக்கா.

"மாடுதான். டாக்டர் சொன்னாரே. பாலத்துலேயே சேதி தெரிஞ்சுதாம், திரும்பிட்டேன்னாரு. ரைஸ் மில்லு தாண்டி என்னைப் பார்த்துட்டு, கோழிப் பண்ணைக்குப் போறேன்னு போயிட்டாரு."

மாடு மூச்சு விட்டது. நாற்பது பேருக்கும் கேட்டது.

அக்கா நேராகத் தொட்டி விளிம்பைப் பார்த்தார். அடடா தன் சட்டையின் வேறு நிறப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். "நான் வரும்போது அது அசையவே இல்லைம்மா" என்றார். "எப்படியும் போகப்போறதுதானேன்னு..."

"எல்லாரும் வெளிய போங்க" என்றார் அக்கா.

சத்தமாகச் சொல்லவில்லை. அதனால்தானோ என்னவோ யாரும் நகரவில்லை. அக்கா மாட்டின் தலையை மெதுவாக மூட்டையின் மேல் வைத்தார். எழுந்தார். சாணி வாரும் தகரத்தை எடுத்தார். அதில் சாணி இருந்தது. அதற்குப் பிறகு கொட்டகை காலியாக ரொம்ப நேரம் ஆகவில்லை. கணவரிடம் "நீங்க வாசல்ல நில்லுங்க, ஒருத்தரையும் விடாதீங்க" என்று சொல்லிவிட்டு, தபால்காரம்மாவின் வண்டிப் பின்னிருக்கையில் தபால் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். பிரேக் பிடிக்காது என்று அடடாவால் எச்சரிக்கப்பட்ட அந்த வண்டி ஊரே பார்க்க ஒரே சீறலாகக் கிளம்பியது.

கொத்தனார் கோலைக் குறுக்கே வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். இடுப்பு போன மனுஷன் ஒரு மணி நேரம் அசையாமல் நின்றார். கூட்டம் கலைந்ததா என்கிறீர்களா? எப்படிக் கலையும்? முற்றத்தில் நிழல் இருந்த பக்கமாக நகர்ந்துகொண்டது. முடிவு தெரியாமல் யார் போவார்கள்?

பதினொரு மணிக்கு முன்னால் தபால்காரம்மா வண்டி, பின்னால் டாக்டர் வண்டி. டாக்டர் இறங்கியதும் மாட்டின் காதைத் தொட்டார், கண்ணைப் பார்த்தார், பையைத் திறந்தார்.

"பால் காய்ச்சல்" என்றார். "பேருதான் காய்ச்சல், உடம்பு குளிர்ந்துதான் போகும். கன்னு போட்ட மாடு, இருக்கிற கால்சியமெல்லாம் பாலுக்குப் போயிடுச்சு. நரம்புல ஏத்தினா எழுந்துரும்." ஊசியைச் செருகிக்கொண்டே சொன்னார், "மதியம் தாண்டியிருந்தா நான் வந்தும் ஒண்ணும் இல்லைம்மா." அக்கா பாட்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். பாட்டில் அசையக் கூடாதென்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பாட்டில் முடிவதற்குள் மாட்டின் தோல் சிலிர்த்தது. கால் மணி நேரத்தில் தலையைத் தூக்கியது. ஏப்பம் விட்டது. அரை மணி நேரத்தில், பின்னங்காலை முதலில் ஊன்றி, ஒரு தடவை தடுமாறி, எழுந்து நின்றே விட்டது. நின்றதும் உள்ளே இருந்த கன்றைக் கூப்பிட்டு ஒரு சத்தம் கொடுத்தது பாருங்கள், கொத்தனார் கோலைக் கீழே போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

முற்றத்தில் ஆரவாரம் எழுந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். எழவில்லை. எழுத்தர் மட்டும் கையைத் தட்டினார், இரண்டு தட்டு தட்டிவிட்டுச் சுற்றிலும் பார்த்து நிறுத்திக்கொண்டார். "பரவால்லையே, பொழைச்சுக்கிச்சே" என்றார் ஒருவர், பார்த்துக்கொண்டிருந்த சினிமா பாதியில் நின்றுபோன மாதிரி. காலையில் மூக்கை உறிஞ்சியவளுக்கு அடுப்பில் வைத்தது நினைவு வந்தது. இன்னொருவருக்குத் தண்ணீர்க் குழாய் திறந்திருந்தது. நாலரை மணி நேரமாக எந்த வேலையும் இல்லாத நாற்பது பேருக்கும் ஒரே நிமிஷத்தில் வேலை வந்து, முற்றத்தில் செருப்புத் தடங்கள்தான் மிச்சம்.

அடடா போகவில்லை. போயிருக்கலாம். ஆனால் 'ஆனா' சொல்லாமல் அவரால் போக முடியுமா?

"நல்லதும்மா. எழுந்துருச்சு, நல்லது" என்று கொட்டகை வாசலுக்கு வந்தார். "ஆனா, இந்த வியாதி அடுத்த ஈத்துலயும் திரும்ப வரும்பாங்க. என் சகலை..."

"அண்ணே" என்றார் அக்கா.

கன்றை அவிழ்த்துக்கொண்டு வந்திருந்தார். அது மடியில் முட்டிக் குடிக்க ஆரம்பித்திருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"திங்கட்கிழமை விடியக்காலையில இது பொறந்துச்சு. ரெண்டு வருசத்துக்கு அப்புறம் எங்க வீட்டுல ஒரு நல்லது நடந்துச்சு. யாராவது வருவாங்க, காட்டலாம்னு வாசல்லயே நின்னேன் அண்ணே. ஒம்பது மணி வரைக்கும் நின்னேன். யாருக்காக நிக்குறேன்னு இவரு கேட்டாரு, சும்மாதான்னு சொல்லிட்டேன். ஒரு ஆளு எட்டிப் பார்க்கலை. இன்னைக்கு மட்டும் நாப்பது பேருக்கு வழி தெரிஞ்சுதா?"

"அன்னைக்கு எனக்கு வயித்து வலிம்மா" என்றார் அடடா.

"இன்னைக்கும் வரும். போயிப் படுங்க."

வீட்டுக்கு வந்தவரை அவர் மனைவி ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன அதுக்குள்ள?"

"எழுந்துருச்சு."

"ஓகோ" என்ற மனைவி, அடுப்பை மூட்டினார். "வெந்நீர் வெக்கட்டா, வயித்துக்கு?"

திருந்தினாரா என்று கேட்காதீர்கள். அடுத்த வாரமே எழுத்தர் சைக்கிளிலிருந்து விழுந்தார், சாம்பல் சட்டை கிளம்பியது. எழுத்தரும் கதவைத் திறந்து நாற்காலி போட்டார். ஏன் போட்டார் என்பதுதான் எனக்கு ரொம்ப நாள் புரியாமல் இருந்தது. இப்போது புரிகிறது. விழுந்த கதையைக் கேட்க ஒருவர் வேண்டுமே. எழுந்த கதையைக் கேட்கத்தான் ஊரில் ஆளில்லை.

'எல்லாம் சரி, கொட்டகைக்குள் நடந்தது உனக்கு எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும்' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஜன்னலில் நாலு தலை இருந்தது என்று சொன்னேன் இல்லையா? இடது பக்கத்திலிருந்து இரண்டாவது தலை என்னுடையது. மாட்டுக்கு வந்த காற்றில் கால் பங்கை நான்தான் மறைத்துக்கொண்டு நின்றேன். திங்கட்கிழமை வரிசையில் நின்று "கிடேரியா? பரவால்லையே" என்றதும் நான்தான். மாடு எழுந்ததும் எனக்கும் வேலை வந்தது. அக்காவை இப்போது வரிசையில் பார்த்தால் நான் கேனுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. முகத்தையும் பார்க்க முடியவில்லை, அது வேறு விஷயம்.

நீங்கள் அப்படி இல்லை, எனக்குத் தெரியும். நீங்கள் நல்லவர். அடடாவை நினைத்து இந்நேரம் வரை கொதித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். எதற்கும் ஒன்றே ஒன்று கேட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. மாட்டின் கழுத்து எப்படி மடிந்திருந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கிறது. காது சில்லிட்டிருந்தது நினைவிருக்கிறது. கொத்தனாருக்கு என்ன உடைந்தது என்பதும் நினைவிருக்கிறது.

கன்றுக்குட்டியின் நெற்றியில் என்ன இருந்தது?

பக்கத்தைத் திருப்பாதீர்கள்.